என் மருத்துவக் கோப்பை யார் திறந்தார்கள்? மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கேஸ் ஷீட்டுகளை நூல் கட்டி அலமாரியில் அடுக்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாம் கணினிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு வெளியே வந்தேன். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லவிருப்பது அந்த ஓர் இடத்தின் கதை மட்டுமல்ல என்பதால், அது தேவையும் இல்லை.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு தவறு. அதைச் செய்தவன் நான்.

எங்களோடு வேலை பார்த்த செவிலியர் ஒருவர் திடீரென்று விடுப்பில் போனார். எங்கள் மருத்துவமனையிலேயே உள்நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார் என்று காதில் விழுந்தது. நல்ல பெண், எல்லோரிடமும் பாசமாகப் பழகுகிறவர். என்னவோ ஏதோ என்று மனம் அடித்துக்கொண்டது. மேசையில் கணினி திறந்தே இருந்தது. அவர் பெயரைத் தட்டினேன், கோப்பு வந்தது, படித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. படித்ததை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட.

ஒரு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று மாடிப்படியில் எதிரே வந்தார். "மனத்தைத் தளரவிடாதீர்கள் அம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். காய்ச்சல் என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவரிடம் யாரும் அந்தத் தொனியில் பேச மாட்டார்கள். கையிலிருந்த மருந்துத் தட்டை மெதுவாகக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார். அதை வைத்த விதம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. விரல்கள் நடுங்கியதால், தட்டிலிருந்த சிறு புட்டிகள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

அன்று மாலை அவரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வேறு எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் மருத்துவமனையில் யாரிடமும் இல்லை. கோப்பைத் திறந்தவர்களின் கணக்கு எங்கேயும் இருக்கவில்லை. மீள்பரிசோதனைகளுக்கு அவர் எங்களிடம் வரவில்லை. ஊழியருக்குக் கிடைக்கும் சலுகையை விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் சொந்தப் பணத்தைச் செலவழித்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு என்ன நோய் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நான் இன்னும் திருந்தவில்லை என்று பொருள்.

நிர்வாகிகளே, அவர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வியைத்தான் இந்த மடல் முழுவதும் உங்கள் முன் வைக்கிறேன்.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃபின்லாந்தில் ஒரு செவிலியர் 1989 முதல் 1994 வரை ஒரு பொது மருத்துவமனையின் கண் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தார். அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் எச்.ஐ.வி. தொற்றுக்காகச் சிகிச்சையும் பெற்றுவந்தார். உடன் வேலை செய்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று 1992-ல் அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில் நோயாளிகளின் பதிவேட்டை அங்கே ஊழியர்கள் தடையின்றிப் பார்க்க முடிந்தது. தன் பதிவை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். அந்த அமைப்பில் கடைசி ஐந்து பார்வைகள் மட்டுமே பதிவாகியிருந்தன. அதிலும் பார்த்தவரின் பெயர் இல்லை, பிரிவின் பெயர்தான் இருந்தது. கோப்பு ஆவண அறைக்குத் திரும்பியதும் அந்தத் தடயமும் அழிந்துவிடும். கடைசியில், பார்த்தார்கள் என்பதை நிரூபிக்க வழியில்லாமல், சொந்த நாட்டு நீதிமன்றங்களில் அவர் தோற்றுப்போனார்.

அவர் விடவில்லை. 2008 ஜூலை 17 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அந்தரங்க வாழ்வுக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. யார் பார்த்தார்கள் என்று காட்டக்கூடிய பதிவை வைத்திருக்க வேண்டியது மருத்துவமனை. அதை அது செய்யாமல் விட்டதால் நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில் விழுந்தது சரியல்ல என்றார்கள். ரகசியம் வெளியேறிய பிறகு இழப்பீடு கேட்கலாம் என்பது போதாது, அது வெளியேறாமல் முன்கூட்டியே காக்கும் நடைமுறை வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு மாடிப்படியில் கேட்ட அந்தப் புட்டிகளின் ஓசைதான் நினைவுக்கு வந்தது.

கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "நாங்கள் ஃபயர்வால் போட்டிருக்கிறோம், வெளியாட்கள் நுழைய முடியாது" என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். வெளியாட்களின் ஆபத்து பொய்யல்ல. 2017 மே 12 அன்று பரவிய, கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற மென்பொருளின் தாக்குதலில் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை தடுமாறியது. கணினிகள் பூட்டப்பட்டன, ஆயிரக்கணக்கான சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தள்ளிப்போயின, சில மருத்துவமனைகள் ஆம்புலன்ஸ்களை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டன. அந்தத் தாக்குதல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதை உரிய நேரத்தில் போடாததுதான் குறை. மருத்துவத் தகவலின் பாதுகாப்பு என்றால் ரகசியம் மட்டுமல்ல என்பதை அந்த நாள் காட்டியது. தேவைப்படும் நிமிடத்தில் மருத்துவர் கண்ணுக்குக் கோப்பு கிடைக்க வேண்டும், அதில் எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. ஃபின்லாந்திலேயே மனநல ஆலோசனை வழங்கிய வாஸ்தாமோ என்ற நிறுவனத்தின் கோப்புகள் திருடப்பட்ட செய்தி 2020 அக்டோபரில் வெளியே வந்தது. பல்லாயிரம் பேருடைய கோப்புகள் அவை. மூடிய அறைக்குள் ஆலோசகரிடம் அழுதுகொண்டே சொன்ன பேச்சுகளின் குறிப்புகள் அவற்றில் இருந்தன. திருடியவர் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை என்றதும் நோயாளிகளுக்கே ஒவ்வொருவராக மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் உங்கள் குறிப்புகளை வெளியிடுவேன் என்று மிரட்டினார். ஒருவருடைய ஆழ்ந்த துயரத்தை எடுத்து அவருக்கே விலைபேசிய கொடுமை அது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் திவாலானது. ஆனால் குறிப்புகள் திவாலாவதில்லை. வெளியே போனவை போனவைதான். வங்கி அட்டை திருடுபோனால் வேறு அட்டை வாங்கிக்கொள்ளலாம். பத்தொன்பது வயதில் தற்கொலைக்கு முயன்றேன் என்று சொன்ன வரிக்குப் பதிலாக வேறு வரி வாங்க முடியாது.

ஆகவே வெளிக்கதவைப் பூட்டுங்கள், நன்றாகவே பூட்டுங்கள். ஆனால் வீட்டுக்குள் இருக்கிறவர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் வெளிக்கதவைக் காட்டாதீர்கள்.

நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள ஹாகா மருத்துவமனையில் தொலைக்காட்சிப் புகழ் பெற்ற ஒருவர் சிகிச்சைக்குச் சேர்ந்தபோது, அவருடைய சிகிச்சையில் எந்தத் தொடர்பும் இல்லாத டஜன்கணக்கான ஊழியர்கள் அவர் கோப்பைத் திறந்து பார்த்திருந்தார்கள். 2019-ல் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மருத்துவமனைக்கு 4,60,000 யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அந்தத் தொகையைக் குறைத்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அபராதத்துக்கு ஆணையம் சொன்ன காரணம். கோப்பை யார் திறந்தார்கள் என்ற பதிவு அங்கே இருந்தது. ஆனால் அந்தப் பதிவை யாரும் ஒழுங்காக எடுத்துப் படிக்கவில்லை. உள்ளே நுழைய பாஸ்வேர்டு ஒன்றே போதும் என்ற நிலையில் விட்டிருந்ததையும் குறையாகச் சொன்னார்கள். புகழ் பெற்றவர் என்பதால் விஷயம் வெளியே வந்தது. உங்கள் வார்டில் படுத்திருக்கும், யாருக்கும் தெரியாத ஒருவரின் கோப்பை அவருடைய மாமியார் வீட்டுக்காரருக்கு வேண்டிய ஓர் ஊழியர் திறந்திருந்தால் அது எப்படி வெளியே வரும்?

இதில் ஊழியர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. நானும் அந்த வரிசையில் நின்றவன். ஒரு வார்டில் கணினித் திரையின் ஓரமாக மஞ்சள் நிற ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. அதில் ஒரு மருத்துவரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதியிருக்கும். எல்லோரும் அதை வைத்தே நுழைவார்கள். நாளாக ஆகத் தாளின் முனைகள் சுருண்டு எழுத்து மங்கிப்போனது. ஒரு நாள் பார்த்தால், யாரோ அதே எழுத்துகளின் மேல் பேனாவால் மறுபடி அழுத்தி எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து அன்று நாங்கள் எவரும் திடுக்கிடவில்லை. எழுதியவருக்கு நன்றிகூடச் சொல்லியிருப்போம். அந்தக் கணினியில் ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். மூச்சுத் திணறுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது எந்தச் செவிலியர் அதற்காகக் காத்திருப்பார்? அடையாள அட்டையை வைத்தால் நொடியில் திறந்து, எடுத்தால் உடனே மூடிக்கொள்ளும் ஏற்பாடு பல மருத்துவமனைகளில் வந்துவிட்டது. அதற்குச் செலவழிக்காமல், 'பாஸ்வேர்டைப் பகிர்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது' என்று சுவரில் அறிவிப்பு ஒட்டுவது, பாரத்தைக் கீழே இருப்பவன் தலையில் இறக்குவது. பத்துப் பேர் ஒரே பெயரில் நுழையும் இடத்தில், யார் பார்த்தார் என்ற பதிவை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் அது வெறும் காகிதம்தான்.

அவசரம் என்ற வாதம் வரும். நியாயமான வாதம். நினைவில்லாமல் கொண்டுவரப்படுகிறவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று தெரிந்துகொள்ளப் பணியிலிருக்கும் எந்த மருத்துவரும் கோப்பைத் திறக்க முடிய வேண்டும். அங்கே 'அனுமதி இல்லை' என்று திரை சொன்னால் உயிர் போய்விடும். அதற்கும் வழி இருக்கிறது: அவசரத்தில் பூட்டை உடைக்கலாம், ஆனால் உடைத்தவர் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும், மறுநாள் வேறொருவர் அந்த வரியைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். உண்மையான அவசரத்தில் திறந்த மருத்துவருக்கு அந்த ஒரு வரி பாரமே இல்லை. என்னைப் போல 'சும்மா பார்த்துவிடலாம்' என்று கை நீட்டுகிறவரை அது நிறுத்திவிடும். என்னை நிறுத்தியிருக்கும். காரணம் எழுதச் சொல்லும் கட்டத்தின் முன் நான் என்ன எழுதியிருப்பேன்? 'பாசம்' என்றா?

கணினிக்கு வெளியிலும் கோப்பு கசிகிறது. ரிசப்ஷன் கவுன்டரில் வரிசையாக ஆட்கள் நிற்க, சோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பால்வினை நோய்ப் பரிசோதனைதானே, லேப் அந்தப் பக்கம்" என்று உரக்கச் சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! சொன்னவருக்கு அது நூறாவது சீட்டு. நின்றவருக்கு அது வாழ்க்கை. பின்னால் நிற்பவர்கள் ஓரடி விலகியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கோடு போட்டு அதற்குப் பின்னால் நிற்கச் சொல்வதற்கும், சோதனையின் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணைச் சொல்வதற்கும் பெரிய செலவில்லை. ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் மருத்துவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆலோசனை கேட்பதும் அப்படித்தான். நல்ல நோக்கம்தான், அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களும் உண்டு. ஆனால் படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் அப்படியே இருக்கின்றன. அந்தப் படம் இருபது பேருடைய கைப்பேசியில் தங்கிவிடுகிறது, அவற்றில் ஒன்று வீட்டுக் குழந்தையின் கையில் விளையாட்டுப் பொருளாக இருக்கிறது. மருத்துவர்கள் பாதுகாப்பாகப் பேசிக்கொள்ள ஒரு வழியை நீங்கள் ஏற்படுத்தித் தராதவரை, அவர்கள் கையில் இருப்பதைத்தான் பயன்படுத்துவார்கள்.

பெயரை நீக்கிவிட்டுத்தான் ஆய்வுக்குத் தருகிறோம், காப்பீட்டு நிறுவனங்களோடு பகிர்கிறோம் என்று ஒப்பந்தங்களில் எழுதுகிறீர்கள். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று 1990-களிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தரங்கம் பத்திரமாக இருக்கிறது என்று அன்றைய ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, வெல்ட் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்தார். அவை மூன்றும் பொருந்திய ஆள் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவே கையில் வந்துவிட்டது. பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை. சின்ன ஊரில் அரிதான நோய் வந்தவரை அடையாளம் காண வாக்காளர் பட்டியல்கூடத் தேவைப்படாது. ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு இல்லாமல் மருத்துவம் வளராது. கொடுப்பதற்கு முன், எதைக் கொடுக்கிறோம், யார் கையில் போகிறது, அங்கிருந்து எங்கே போகும் என்று கேளுங்கள். அந்த விவரத்தை நோயாளிக்கு அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், வலியோடு நிற்பவரிடம் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மருத்துவம் இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சிகிச்சையின்போது பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியிலேயே இருக்கிறது. 1948-ல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஜெனீவா பிரகடனத்திலும் அது இருக்கிறது. நோயாளி இறந்த பிறகும் ரகசியம் காப்பேன் என்று பின்னர் அதில் சேர்த்தார்கள். மருத்துவர் வாயைத் திறக்கவில்லை என்றால் போதும் என்ற காலத்தின் உறுதி அது. இன்று மருத்துவர் வாய் திறக்காமலே பில் போடுபவர், லேப் ஊழியர், மென்பொருளைப் பழுது பார்க்க வந்த ஒப்பந்தத் தொழிலாளி, காப்பீட்டு முகவர் என எத்தனையோ பேர் அந்த ரகசியத்துக்குள் வந்து போகிறார்கள். அவர்களில் பலர் எந்த உறுதிமொழியும் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. சேர்ந்த முதல் நாள் அலமாரிச் சாவியைத்தான் கையில் கொடுத்தார்கள். அந்தச் சாவிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

சட்டங்கள் இருக்கின்றன. சிகிச்சை அல்லாத வேலைகளுக்குத் தேவையான அளவுக்கு மேல் தகவலைத் தொடக்கூடாது என்ற விதி, அமெரிக்காவில் 1996-ல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ் இருக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, உடல்நலத் தகவலைத் தனிக் காவல் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. ஆபத்து தரக்கூடிய கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் சரிதான். ஆனால் சட்டம் எட்டிப் பார்ப்பது கசிவு பெரிதான பிறகு. மாடிப்படியில் நடந்ததை எந்த ஆணையமும் விசாரிக்காது.

அதனால் நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். இது முடியாத காரியமல்ல. எஸ்டோனியாவில் 2008 முதல் நாடு முழுவதற்குமான மின்னணு மருத்துவப் பதிவு முறை இயங்குகிறது. அங்கே நோயாளி தன் பக்கத்துக்குள் நுழைந்து, தன் தகவலை யார் எப்போது பார்த்தார்கள் என்று தானே படிக்கலாம். பார்க்கத் தேவையில்லாத ஒருவர் பார்த்திருந்தால் கேள்வி கேட்கலாம். ஒரு நாடு முழுவதற்கும் செய்ய முடிந்ததை ஒரு மருத்துவமனை செய்ய முடியாதா? டிஸ்சார்ஜ் நாளில் மருந்துப் பட்டியலோடு இன்னொரு தாளையும் கொடுங்கள். 'நீங்கள் எங்களிடம் இருந்த நாட்களில் உங்கள் கோப்பைத் திறந்தவர்கள்' என்று தலைப்பிட்டு, பெயர், பதவி, நேரம், காரணம். தன் பெயர் அந்தத் தாளில் வரும் என்று தெரிந்த ஊழியரின் கை தானாகவே தயங்கும்.

அந்தத் தாளைத் தர இன்று உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். உறவினர் சண்டைக்கு வருவார், ஊழியர் சங்கம் எதிர்க்கும், வழக்கு வரும் என்று சொல்வீர்கள். தயக்கத்தின் காரணம் அந்தத் தாளில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியாததுதான் என்றால், நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சென்ற மாதம் உங்களிடம் சிகிச்சை பெற்ற உங்கள் ஊழியர்களின் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அவைதான் அதிகம் திறக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு திறப்புக்கும் எதிரே, அவர் சிகிச்சை அளித்தவரா, இல்லையா என்று குறியுங்கள். அப்படிக் குறிக்கவே முடியாதபடி உங்கள் அமைப்பு இருந்தால், அதையும் எழுதி வையுங்கள்.

பிறகு அந்த ஊழியர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். நான் சொல்ல முடியாமல் நின்ற பதில் அது. நீங்களாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவப் பதிவேட்டு ஊழியன்